டோட்டல் கவுண்ட் ஏறினா உடனே இன்ஃபெக்ஷன்னு பயப்படாதீங்க: ஒரு தீக்காய வார்டு அனுபவம்

பெரிய அடி பட்டவங்க, தீக்காயம் பட்டவங்க வீட்ல ப்ளட் ரிப்போர்ட் கையில வந்ததும் எல்லாரும் பாக்கறது டோட்டல் கவுண்ட்டத்தான், அதாவது ரத்தத்துல வெள்ளையணு மொத்தம் எத்தனைங்கற கணக்க. அது 11 ஆயிரத்த தாண்டி தடிச்ச எழுத்துல இருந்துச்சுன்னா போச்சு, "இன்ஃபெக்ஷன் ஆயிடுச்சு, டாக்டர் இன்னும் பெரிய ஆன்டிபயாட்டிக் போடலையே"ன்னு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கற சொந்தக்காரங்க மொத்தமும் அல்லோலகல்லோலப்படும். நான் லேப்ல வேல பாக்கறவ, எம்எல்டி (லேப் டெக்னீஷியன் படிப்பு) படிச்சிட்டு இத்தன வருஷமா மைக்ராஸ்கோப் முன்னாடிதான் பொழப்பு ஓடுது. தினமும் எத்தனையோ பேரோட ரத்தத்த பாக்கறோம், எண்ணி எழுதறோம், அனுப்பறோம், அவ்வளவுதான். எங்க வீட்லயே ஒருத்தர் படுத்தப்பதான் அந்த நம்பருக்குப் பின்னாடி உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு நைட் ட்யூட்டில உக்காந்து தேடித்தேடி படிச்சேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

என் கொழுந்தன் மணப்பாறை பக்கம் முறுக்கு போடற எடத்துல வேல பாத்தாரு. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி சரிஞ்சு வயிறு, ரெண்டு தொடை, ஒரு கை பூரா ஊத்திடுச்சு. கூட வேல பாத்த ஒரு அக்கா இங்க், பேஸ்ட், மைதா மாவுன்னு ஆளாளுக்கு எடுத்துட்டு வந்தத எல்லாம் தள்ளிவிட்டுட்டு, குழாய்த் தண்ணிய திறந்து இருபது நிமிஷம் போல ஓட விட்டு, அப்புறம் துவைச்ச வேட்டியில போர்த்தி 108ல ஏத்தினாங்க. அவங்களுக்கு கோயில் கட்டலாம். காயம் 30 சதவீதத்துக்கு மேலன்னு டாக்டர் சொன்னாங்க. இத எப்படி கணக்கு பண்றாங்கன்னு பலருக்கு தெரியறதில்ல, அடிபட்டவரோட சொந்த உள்ளங்கை, விரலோட சேத்து, அவர் உடம்புல கிட்டத்தட்ட 1 சதவீதம், அத வச்சு குத்துமதிப்பா போடலாம்.

மொத நாள் ராத்திரி எடுத்த ரத்தத்துலயே கவுண்ட் 20 ஆயிரத்த ஒட்டி இருந்துச்சு. என் வீட்டுக்காரர் என்னய கூப்ட்டு "கிருமி புகுந்துடுச்சா"ன்னு கேக்கறாரு. சட்டி சரிஞ்சு சில மணி நேரம்தான் ஆகுது, அதுக்குள்ள எந்தக் கிருமி புகுந்து எந்தக் கவுண்ட்ட ஏத்தும்? அது கிருமியோட வேலையே இல்ல, ஸ்ட்ரெஸ் ஹார்மோனோட வேல.

பெரிய காயம் பட்ட நிமிஷமே கிட்னிக்கு மேல இருக்கற அட்ரீனல் சுரப்பி அட்ரினலின், கார்ட்டிசால் ரெண்டையும் கொட்டுது, நரம்பு முனைகள்ல நார்அட்ரினலின் கொட்டுது. சாதாரணமா நியூட்ரோஃபில்ங்கற, கிருமிய மொதல்ல எதுக்கற வெள்ளையணுவுல பாதிக்கு மேல ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டிக்கிட்டு சும்மா இருக்கும், நாம ஊசி குத்தி எடுக்கற ரத்தத்துல அது வராது. இந்த ஹார்மோன் வந்ததும் ஒட்டிக்கிட்டிருந்ததெல்லாம் கழண்டு ஓட்டத்துல கலந்துடும், எலும்பு மஜ்ஜையில தயாரா இருந்ததும் வெளிய வந்துடும். அதே நேரம் கார்ட்டிசால் லிம்ஃபோசைட்ங்கற இன்னொரு வகை வெள்ளையணுவ ரத்தத்துல இருந்து மஜ்ஜைக்கும் மத்த எடத்துக்கும் அனுப்பிடும், இயோசினோஃபில்ங்கற வகை சுத்தமா காணாம போயிடும். அதனாலதான் வெள்ளையணுவுல எந்த வகை எத்தனை சதவீதம்னு சொல்ற டிஃபரன்ஷியல் கவுண்ட்ல நியூட்ரோஃபில் 88, லிம்ஃபோசைட் 7, இயோசினோஃபில் சைபர்னு வருது. இந்த இயோசினோஃபில் விஷயம் லேப்காரங்களுக்கு ரொம்பப் பழசு, 1948ல ஜார்ஜ் தார்ன்னு ஒரு அமெரிக்க டாக்டர் அட்ரீனல் சுரப்பி வேல செய்யுதான்னு பாக்கவே இத டெஸ்ட்டா வச்சிருந்தாரு: அட்ரீனல தூண்டிவிடற ஏசிடிஎச் ஹார்மோன ஊசியா போட்டு நாலு மணி நேரம் கழிச்சு இயோசினோஃபில் பாதியா குறைஞ்சா சுரப்பி நல்லா இருக்குன்னு அர்த்தம். கார்ட்டிசால நேரா அளக்க வழி வந்ததும் அந்த டெஸ்ட்ட எல்லாரும் மறந்துட்டாங்க, ஆனா ஸ்மியர் (ஸ்லைடுல தடவின ரத்தம்) பாக்கறவங்க கண்ணுக்கு அது இன்னைக்கும் தெரியும்.

இது வரைக்கும் நடந்தது இருக்கற செல்ல எடம் மாத்தினது மட்டும்தான். நான் முக்கியமா சொல்ல வந்தது அதுக்கு அடுத்தது, அதாவது சில நாள் கழிச்சு புதுசா செல் உருவாகற விதமே மாறிப்போறது.

கொழுந்தன சேத்திருந்த ஆஸ்பத்திரி லேப்ல எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி வேல பாத்தா, அவகூட உக்காந்து ஒரு நாள் அவர் ஸ்லைட நானே பாத்தேன். லீஷ்மன்ங்கற சாயம் போட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூறு லென்ஸ இறக்கினா, வழக்கமா நியூட்ரோஃபிலோட நியூக்ளியஸ் மூணு நாலு துண்டா பிரிஞ்சு மெல்லிய இழையில கோத்த மாதிரி இருக்கும், இங்க பாதி செல்லுல அது பிரியவே இல்ல, வளைஞ்ச ஒரே பட்டையா இருக்கு. அதத்தான் பேண்ட் செல்னு சொல்றோம். அதுக்கும் சின்ன வயசு மெட்டாமைலோசைட் கூட அங்கங்க இருந்துச்சு, அதெல்லாம் மஜ்ஜைய விட்டு வெளிய வரவே கூடாத வயசு. செல்லுக்குள்ள கருஊதா துகளா அப்பிக்கிடக்கு, ஓரத்துல வெளிர் நீலமா டோலே பாடிங்கற திட்டு. மோனோசைட்ங்கற பெரிய வெள்ளையணுவும் வழக்கத்த விட நெறைய. கல்யாண ஆர்டர் அவசரம்னு மாவு சரியா பதம் வராமயே பிழிஞ்சு எண்ணெயில போட்டா முறுக்கு எப்படி வரும், அப்படித்தான் இருந்துச்சு அந்த ஸ்லைடு. கணக்குக்கு எண்ணிக்கை இருக்கு, பதம் இல்ல.

ஏன் இப்படி ஆகுதுன்னா, பெரியவங்களுக்கு இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, முதுகெலும்பு இதுக்குள்ளதான் ரத்த செல் உற்பத்தி. நியூட்ரோஃபில் மட்டுமே ஒரு நாளைக்கு பத்தாயிரம் கோடி கணக்குல உருவாகுது. அந்த மஜ்ஜைக்குள்ள ரத்தக்குழாய ஒட்டியே, ஆபத்து நேரத்துல உடம்ப உசுப்பற சிம்பதெட்டிக் நரம்பு ஓடுது, அடிபட்டதும் அந்த நரம்பு முனையில இருந்து நார்அட்ரினலின் நேரா உற்பத்தி நடக்கற எடத்துலயே இறங்குது. எல்லா ரத்த செல்லுக்கும் மூலமான ஸ்டெம் செல்ல எடத்துல பிடிச்சு வைக்கற சிஎக்ஸ்சிஎல்12ன்னு ஒரு சிக்னல் குறையுது, இளசான செல்லெல்லாம் கழண்டு ரத்தத்துக்கு வருது. மிச்சம் இருக்கறதுலயும் எந்தப் பக்கம் வளரணுங்கற முடிவு மாறுது, சிகப்பணு பக்கம் போற வழி ஒடுங்கி மோனோசைட் பக்கம் போற வழி அகலமாகுது. சிகாகோ பக்கத்துல லயோலா யுனிவர்சிட்டி தீக்காய ஆராய்ச்சிக் குழு 2000க்கு அப்புறம் எலிகள்ல இத வரிசையா பாத்திருக்காங்க, தீக்காயமும் கிருமித் தொற்றும் சேந்த எலிகள்ல நார்அட்ரினலின முன்னாடியே காலி பண்ணி வச்சா இந்த மோனோசைட் பக்கத் திருப்பம் அடங்குது. அதோட, நார்அட்ரினலின் இருக்கற மஜ்ஜையில வளர்ந்து வர்ற மேக்ரோஃபேஜ் (கிருமிய முழுங்கற செல்), அது இல்லாத மஜ்ஜையில வளர்ந்ததோட குணத்துலயே வேற மாதிரி இருக்குன்னும் காட்டினாங்க. எனக்கு இத படிச்சப்பதான் சுருக்குன்னுச்சு. கவுண்ட் ஏறுறதும் பாதுகாப்பு ஏறுறதும் ஒண்ணு இல்ல. பெரிய காயத்துக்கு அப்புறம் மோனோசைட் மேல இருக்கற எச்எல்ஏ-டிஆர்ங்கற புரதமும் குறைஞ்சிடுது, கிருமியோட துண்ட எடுத்து டி செல்லுக்கு (லிம்ஃபோசைட்ல ஒரு வகை) காட்டறதே அதுதான், அது குறைஞ்சா ஆள் எண்ணிக்கை இருந்தும் தகவல் போய்ச் சேராது. அதனாலதான் கவுண்ட் 18 ஆயிரம் இருக்கற நோயாளிக்கே ரெண்டாவது வாரம், மூணாவது வாரம் நிமோனியாவும் காயத்துல தொற்றும் சுலபமா வருது.

டி செல் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1936லயே கனடா மாண்ட்ரியல்ல ஹான்ஸ் செல்யேன்னு ஒரு விஞ்ஞானி எலிகளுக்கு விதவிதமா தொல்லை குடுத்து பாத்தாரு, எந்தத் தொல்லை குடுத்தாலும் அட்ரீனல் பெருத்து, நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கற தைமஸ் சுரப்பி சுருங்கிப்போயிருந்துச்சு. தைமஸ்லதான் டி செல் படிச்சு வெளிய வருது, அங்க பாதி படிப்புல இருக்கற செல்ல கார்ட்டிசால் கொத்துக்கொத்தா சாகடிக்கும். குழந்தைங்களுக்கு தைமஸ் பெருசா இருக்கறதால இது இன்னும் முக்கியம்.

சரி, இதெல்லாம் தெரிஞ்சு நமக்கென்ன ஆகப்போகுது, ஹார்மோன நாம போயி மூட முடியுமான்னு கேப்பீங்க. முழுசா மூடவும் கூடாது, மொத சில மணி நேரம் உயிரோட வச்சிருக்கறதே அந்த ஹார்மோன்தான். ஆனா அது வாரக்கணக்குல கொட்டிக்கிட்டே இருக்கறதுக்கு கூட இருக்கற நாமளும் எண்ணெய் ஊத்தாம இருக்கலாம்ல.

மொதல்ல குளிர். சித்திரை மாசம், வார்டுல ஏசி ஓடல, கொழுந்தன் "அண்ணி, புழுங்குது, ஏசிய போடச் சொல்லுங்க"ன்னு கெஞ்சறாரு, வெளிய சொந்தக்காரங்க "இவ்ளோ காசு வாங்கறான், ஏசி போட மாட்டேங்கறான்"னு திட்டறாங்க. தீக்காய வார்டுல வேணும்னுதான் சூடா வைக்கறாங்க. தோல் போன எடத்துல இருந்து ஈரமும் சூடும் போயிக்கிட்டே இருக்கும், அத ஈடுகட்ட உடம்பு இன்னும் அட்ரினலின் ஊத்தி எரிக்கும். 1974லயே அமெரிக்க ராணுவ தீக்காய ஆராய்ச்சி நிலையத்துல டக்ளஸ் வில்மோர் குழு இந்த எரிப்புக்கு முக்கியக் காரணம் அட்ரினலின் வகை ஹார்மோன்தான்னு காட்டிட்டாங்க. அறைய 28ல இருந்து 32 டிகிரி வரைக்கும் வச்சா அந்தச் சுமை குறையுது. அதனால விசிறி வைக்காதீங்க, ஜன்னல திறக்காதீங்க, சிஸ்டர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க.

அடுத்தது வலி. டிரெஸ்ஸிங் மாத்தற நாள் காலையில இருந்தே அவர் கை நடுங்கும், மானிட்டர்ல பல்ஸ் 130க்கு போகும், இன்னும் யாரும் தொடக்கூட இல்ல. எங்க மாமனார் "மார்ஃபின் போட்டா பழக்கமாயிடும், தாங்கிக்கட்டும்"னு சொன்னாரு. டாக்டர் பொறுமையா சொன்னாங்க, வலி இருக்கற வரைக்கும் அட்ரினலின் நிக்காது, வலிய அடக்கறது அவரு சொகத்துக்கு மட்டுமில்ல, காயம் ஆறறதுக்கும்னு. அதுக்கப்புறம் டிரெஸ்ஸிங்குக்கு முன்னாடியே மருந்து உள்ள போயிடுச்சான்னு நாங்களே கேட்டுக்குவோம், போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு ஆரம்பிப்பாங்கன்னும் கேட்டுக்குவோம். இத நீங்களும் தாராளமா கேக்கலாம், யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

சாப்பாட்டுலதான் எங்க வீட்ல பெரிய பஞ்சாயத்து. அத்தை முட்டை, மீன், கத்தரிக்கா எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. "முட்டை குடுத்தா சீழ் புடிக்கும்மா, எங்கம்மா காலத்துல இருந்து பத்தியம் அப்படித்தான்"னு ரசம் சாதம் மட்டும் கட்டிக் குடுத்து விடறாங்க. தீக்காயக்காரருக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 1.5ல இருந்து 2 கிராம் புரதம் வேணும், 60 கிலோ ஆளுக்கு 90ல இருந்து 120 கிராம். ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு. ரசம் சாதத்துல என்ன கெடைக்கும்? வெளிய இருந்து வரலன்னா ஹார்மோன் தசைய கரைச்சு எடுத்துக்கும், தொடை ரெண்டும் நம்ம கண்ணு முன்னாடியே வத்தும், புது செல் செய்யவும் சரக்கு இருக்காது. நான் எவ்வளவு சொல்லியும் அத்தை கேக்கல, கடைசியில டயட்டீஷியன் மேடத்த நேரா அவங்ககிட்டயே பேச வச்சோம். "சீழ் முட்டையால வராதும்மா, கிருமியால வரும், அந்தக் கிருமிய எதுக்கற அணு முட்டையில இருந்துதான் வரும்"னாங்க. மறுநாள்ல இருந்து அத்தையே அவிச்ச முட்டையோட வந்து நின்னாங்க. மருமக சொன்னா ஏறாது, வெள்ளை கோட்டு சொன்னா ஏறும், எல்லா வீட்லயும் அப்படித்தான்னு விட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு, கிட்னி பிரச்சனை, சுகர் இருக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு மாறும், உங்க டாக்டர் சொல்ற அளவுதான்.

தூக்கத்தையும் சும்மா நினைக்காதீங்க. போஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிக் குழு 2014ல ஐசியூ ட்யூட்டி பாத்த இளம் டாக்டருங்க ரத்தத்தயே எடுத்துப் பாத்தாங்க, ஒரு அடியும் படல, காயமும் இல்ல, வேலை டென்ஷன் மட்டும்தான், அதுக்கே நியூட்ரோஃபிலும் மோனோசைட்டும் ஏறியிருந்துச்சு. அதே ஆராய்ச்சியில எலிகளோட மஜ்ஜையிலயும் அதே நார்அட்ரினலின், அதே சிஎக்ஸ்சிஎல்12. (மாசத்துல பாதி நைட் ட்யூட்டி பாக்கற என் கவுண்ட்ட நான் எடுத்துப் பாக்கவே இல்ல, எதுக்கு வம்பு.) ராத்திரி பத்து மணிக்கு மேல பேச்ச நிறுத்துங்க, ஃபோன சைலண்ட்ல போடுங்க, கட்டில் பக்கத்துல நின்னு "ஐயோ எம்புள்ள"ன்னு அழறவங்கள கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போங்க. கை கழுவாம யாரையும் தொட விடாதீங்க, மேல சொன்ன அரைப்பதமான செல்ல நம்பித்தான் அவர் படுத்திருக்காரு.

இப்ப ரிப்போர்ட்டுக்கு வருவோம். பெரிய தீக்காயத்துல உடம்புச் சூடு இவ்வளவு இருக்கணும்னு மூளை வச்சிருக்கற அளவே மேல ஏறிடும், 38.5 டிகிரி செல்சியஸ் சுத்தி காய்ச்சல் இருக்கறது சகஜம். அதனால காய்ச்சலும் கவுண்ட்டும் மட்டும் வச்சு தொற்றுன்னு முடிவு பண்ண முடியாது, டாக்டருங்க வேற சிலத பாப்பாங்க: ப்ளேட்லெட் திடீர்னு கீழ போகுதா, நேத்து வரைக்கும் சரியா இருந்த சுகர் இன்னைக்கு எகிறுதா, ட்யூப் வழியா குடுத்த கஞ்சி வயித்துல நின்னுடுதா, பேச்சு குழறுதா, பிபி இறங்குதா. கூட இருக்கற நமக்கு இதுல ரெண்டு மூணு மொதல்லயே தெரியும். எங்க கொழுந்தன் ஒரு சாயங்காலம் என்னய அடையாளம் தெரியாம யாரோன்னு பேசினாரு, வயிறும் கல்லு மாதிரி இருந்துச்சு, கவுண்ட் என்னமோ முந்தின நாள விட கம்மிதான், சிஸ்டர்கிட்ட சொன்னதும் உடனே கல்ச்சர் (கிருமி இருக்கான்னு வளத்துப் பாக்கற டெஸ்ட்) அனுப்பி மருந்த மாத்தினாங்க, அது தொற்றுதான். கவுண்ட் ஏறினப்ப ஒண்ணுமில்ல, இறங்கினப்ப இருந்துச்சு. கவுண்ட் திடீர்னு விழறதும் மஜ்ஜை களைச்சுப்போச்சுங்கறதுக்கு அறிகுறியா இருக்கலாம்.

ஸ்டீராய்டு பத்தி கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். "வீக்கம் வத்த ஒரு பொடி இருக்கு, ரெண்டு வேள குடுத்தா எழுந்து உக்காந்துடுவான்"னு யாராவது வருவாங்க, எங்களுக்கும் வந்தாங்க. பேர் போடாத பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கறது புதுசு இல்ல. ஏற்கனவே கார்ட்டிசால் கொட்டற உடம்புல இன்னும் போட்டா லிம்ஃபோசைட் இன்னும் விழும், சுகர் ஏறும், காயம் ஆறாது. டாக்டருங்களே ஒரு காலத்துல தலையில அடிபட்டவங்களுக்கு ஸ்டீராய்டு நல்லதுன்னு நம்பி குடுத்துட்டு இருந்தாங்க, 10,008 பேர வச்சு க்ராஷ்னு ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2004ல முடிவு வந்தப்ப ஸ்டீராய்டு போட்டவங்கள்ல ரெண்டு வாரத்துக்குள்ள இறந்தது 21.1 சதவீதம், போடாதவங்கள்ல 17.9. அதோட அந்தப் பழக்கம் நின்னுச்சு. ஆனா இதுக்கு ஒரு மறுபக்கம் இருக்கு, ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரை சாப்ட்டுட்டு இருந்தவங்க அடிபட்டா அத உடனே டாக்டர்கிட்ட சொல்லணும், அவங்களுக்கு அட்ரீனல் தூங்கிப்போயிருக்கும், திடீர்னு நிறுத்தினா பிபி விழுந்து ஆபத்தாயிடும்.

ப்ரோப்ரனலால்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க, பிபி மாத்திரைன்னு வீட்ல எல்லாருக்கும் சந்தேகம், "இவனுக்கு ஏது பிபி"ன்னு. அட்ரினலின் போய் உக்காற எடத்த அடைக்கற மருந்து அது. 2001ல அமெரிக்காவுல கால்வெஸ்டன்ல ஹெர்ண்டன்ங்கற டாக்டரோட குழு பெரிய தீக்காயம் பட்ட 25 குழந்தைங்கள்ல பாதிப் பேருக்கு இத குடுத்து பல்ஸ 20 சதவீதம் குறைச்சப்ப, எரிப்பும் குறைஞ்சது, தசை கரையறதும் நின்னுச்சு. நியூ ஜெர்சியில பலத்த அடிபட்டவங்களுக்கு குடுத்துப் பாத்து 2014ல வெளியிட்டதுல, மஜ்ஜையில இருந்து இளசான செல் ரத்தத்துக்கு கசியறது குறைஞ்சிருந்துச்சு. இத படிச்சிட்டு மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போட்டுடாதீங்க, ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு மூச்சே நிக்கலாம், பிபி குறைவா இருக்கற நேரத்துல போட்டா ஷாக்ல போயிடுவாங்க, யாருக்கு எப்பன்னு மானிட்டர பாத்துட்டு இருக்கறவங்கதான் சொல்லணும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. பெரிய தீக்காயத்துல இந்த எரிப்பு ஒண்ணு ரெண்டு வருஷம் கூட நீடிக்கும். கொழுந்தனுக்கு வீட்டுக்கு வந்தப்புறமும் சும்மா உக்காந்திருக்கறப்பவே பல்ஸ் 100க்கு மேல ஓடிச்சு, முடி கொட்டிச்சு, இரும்பு மாத்திரை போட்டும் எச்பி 9ல இருந்து நகரவே இல்ல. மாத்திரை சரியில்லன்னு கம்பெனி மாத்திப் பாத்தாங்க. மஜ்ஜையில சிகப்பணு வழி இன்னும் அடைபட்டிருக்கு, அழற்சியால இரும்பும் உள்ளயே பூட்டிக்கிடக்கு, அதுக்கு மாத்திரை கம்பெனி என்ன செய்யும்? பிசியோதெரபி, முட்டை, தூக்கம் எல்லாம் விடாம போனப்புறம் மெல்ல மெல்ல ஏறிச்சு. இப்ப முறுக்கு கடைக்கு திரும்ப போறாரு, ஆனா அடுப்புப் பக்கம் இல்ல, பேக்கிங்ல.

ரிப்போர்ட்ட எல்லாம் தேதி வாரியா ஒரே ஃபைல்ல போட்டு வைங்க, முடிஞ்சா டோட்டல் கவுண்ட், நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், இயோசினோஃபில், ப்ளேட்லெட், எச்பி இந்த ஆறையும் ஒரு நோட்டுல வரிசையா எழுதுங்க. ஒரு நாள் நம்பர விட அது போற போக்குதான் பேசும். லிம்ஃபோசைட் மெதுவா 20ஐ நோக்கி ஏறி, காணாம போன இயோசினோஃபில் ஒண்ணு ரெண்டா எட்டிப் பாக்க ஆரம்பிச்சா, சீனியர் டெக்னீஷியன் எங்க அண்ணா ஒருத்தர் "ஆளு திரும்பறான்"னு சொல்லுவாரு. அதுலயும் ஒரு விதிவிலக்கு இருக்கு, ஏதாவது மருந்து அலர்ஜி ஆனாலும் இயோசினோஃபில் ஏறும், அதனால உடம்புல தடிப்பு, அரிப்பு இருந்தா அதையும் சேத்து டாக்டர்கிட்ட காட்டுங்க.